கோணலாக உதைத்தவன்

அமெரிக்காக்காரர்கள் 'ஃபுட்பால்' என்று பெயர் வைத்திருக்கிற ஆட்டத்தில் காலுக்கு வேலை ரொம்பக் கம்மி. பந்தும் உருண்டையாக இருக்காது. பப்பாளிப் பிஞ்சு மாதிரி இரண்டு பக்கமும் கூம்பி இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓட, நாலு பேர் அவன் மேல் விழுந்து அமுக்க, அமுங்கினவன் எழுந்து புல்லைத் தட்டிவிட்டு மறுபடி வரிசையில் வந்து நிற்பான். நம் தெருவில் இது நடந்தால் யாராவது போலீஸுக்கு ஓடுவார்கள். அங்கே டிக்கெட் போட்டு, பாண்டு வாத்தியம் வைத்து நடத்துகிறார்கள். கல்லூரிப் பையன்கள் ஆடுகிற ஆட்டத்துக்கே லட்சம் பேர் உட்காருகிற மைதானம் கட்டியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை களேபரத்துக்கும் நடுவே ஒரே ஒரு பையன் மட்டும் கசங்காத சட்டையோடு ஓரமாக நின்று காலை உதறிக்கொண்டிருப்பான். கல்யாண வீட்டில் பந்தியெல்லாம் முடிகிற நேரத்தில் பீடா மடிக்க வந்தவன் மாதிரி. அவன்தான் கிக்கர். மூன்று மணி நேரம் நடக்கிற கூத்தில் அவனுக்கு வேலை என்று பார்த்தால் எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் தேறினால் அதிகம். ஆனால் கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் ஊசலாடும்போது அத்தனை தடியன்களும் விலகி வழிவிட்டு, "போய் உதைடா கண்ணா" என்று இவனைத்தான் அனுப்புவார்கள். உள்ளே போனால் ஜெயித்தது டீம். வெளியே போனால் தோற்றது இவன்.

கணக்கு ரொம்பச் சுலபம். பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 6 புள்ளி. அதற்குமேல் ஒரு உதை உதைத்து கோல்போஸ்டுக்குள் அனுப்பினால் கொசுறாக 1. கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது போலிருக்கிறதே என்று தோன்றினால், இருக்கிற இடத்திலிருந்தே உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே, 10 அடி உயரத்தில் இருக்கிற குறுக்குக் கம்பிக்கு மேலே அனுப்பலாம். அதற்கு 3. அதன் பெயர் ஃபீல்டு கோல். உதைப்பதிலும் ஒரு சடங்கு உண்டு. ஒருத்தன் குனிந்து தன் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் வீச வேண்டும். மண்டி போட்டிருக்கிற இன்னொருத்தன் அதைப் பிடித்து, தரையில் குத்திட்டு நிறுத்தி, ஒரு விரலால் தாங்கவேண்டும். மூன்றாவது ஆளாக நம் பீடாக்காரர் ஓடிவந்து உதைக்க வேண்டும். எல்லாம் ஒன்றரை வினாடிக்குள். எதிரே பதினோரு பேர் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வருவார்கள்.

சரி, எப்படி உதைப்பது? 1960 வாக்கில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. பந்துக்கு நேர் பின்னால் நில், நேராக ஓடிவா, கட்டைவிரலால் குத்து. அதற்கென்றே முனை சதுரமாக வெட்டின பூட்ஸ் விற்றார்கள். கிளீவ்லேண்ட் அணியின் லூ க்ரோஸா என்பவர் இதில் பெரிய சூரர். அவருக்குப் பட்டப்பெயரே 'கால்விரல்'! 1992 முதல் அமெரிக்கக் கல்லூரிகளின் சிறந்த கிக்கருக்கு வருஷாவருஷம் கொடுக்கிற விருதுக்குக்கூட அவர் பெயர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த விருதை வாங்குகிற பையன்களில் ஒருவன்கூடக் கட்டைவிரலால் உதைப்பதில்லை. எல்லோரும் பந்துக்குப் பின்னால் இரண்டு மூன்று எட்டு போய், அப்புறம் பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்து, சாய்வாக ஓடிவந்து, புறங்காலால் வீசி உதைக்கிறார்கள். சாக்கர் ஆடுகிறவன் ஃப்ரீ கிக் போடுவது போல.

இந்தக் கோணல் உதையை ஊருக்குள் கொண்டுவந்தவன் ஒரு அகதிப் பையன். பெயர் பீட்டர் கோகோலாக். சுருக்கமாக பீட்.

பிறந்தது 1942-ல், ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில். அப்பா டாக்டர். பீட் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஹங்கேரி என்றாலே உலகத்துக்கு ஞாபகம் வந்தது சாக்கர்தான். 1953-ல் புஸ்காஸும் அவர் கூட்டாளிகளும் லண்டனுக்கே போய், வெம்ப்ளியில் வைத்து இங்கிலாந்தை 6-3 என்று துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தார்கள். அப்போது பீட்டுக்கு வயசு பதினொன்று. அந்த ஊரில் அந்த வயசில் இருந்த பையனுக்குக் காலை எப்படி உபயோகிப்பது என்று யாரும் தனியாக டியூஷன் எடுக்க வேண்டியதில்லை.

1956 அக்டோபரில் ஹங்கேரியில் புரட்சி. நவம்பர் 4-ம் தேதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் வந்தன. அடுத்த சில மாதங்களில் சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். டாக்டர் கோகோலாக் குடும்பமும் இருட்டில் நடந்தே எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் போயிற்று. பீட்டுக்கு 14 வயசு. தம்பி சார்லிக்கு இன்னும் பன்னிரண்டு முடியவில்லை. வீடு, தொழில், சொந்தபந்தம், பேசுகிற பாஷை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் வடக்கு மூலையில் ஆக்டன்ஸ்பர்க் என்ற சின்ன ஊர். நியூயார்க் மாநிலம்தான், ஆனால் நீங்கள் சினிமாவில் பார்க்கிற நியூயார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செயின்ட் லாரன்ஸ் நதிக்கரை. எதிர்க்கரையில் நின்று கையாட்டினால் அது கனடா.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான் பீட். அங்கே சாக்கர் டீம் கிடையாது. இருந்தது ஃபுட்பால் டீம். பாஷை தெரியாத ஊரில் பதினைந்து வயசுப் பையனுக்கு நாலு சிநேகிதர்கள் கிடைக்க வேண்டுமென்றால், அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போக வேண்டியதுதான். போனான்.

கோணலாக வந்து உதைக்கிறான் ஒருத்தன். பந்தைத் தாங்கி உட்கார்ந்திருக்கிறவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இதுவரை உதைக்கிறவன் நேர்க்கோட்டில் வருவான், பந்து நேர்க்கோட்டில் போகும், தான் பத்திரம். இப்போது ஒருத்தன் பக்கவாட்டிலிருந்து காலைச் சுழற்றிக்கொண்டு வருகிறான். உதை பந்துக்கா, தனக்கா?

இன்னொரு சிக்கலும் இருந்தது. சாக்கரில் 8 அடி உயரக் கம்பிக்குக் கீழே பந்தை வைத்திருப்பதுதான் சாமர்த்தியம். மேலே போனால் தலையில் கையை வைத்துக்கொள்வார்கள். இங்கே அதற்கு நேர் எதிர். 10 அடிக் கம்பிக்கு மேலே போனால்தான் புள்ளி. சின்ன வயசிலிருந்து 'கீழே, கீழே' என்று பழகின காலுக்கு 'மேலே, மேலே' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பந்து வேறு பப்பாளிப் பிஞ்சு. சொன்ன பேச்சு கேட்காது.

கட்டைவிரல் குத்துக்கும் புறங்கால் வீச்சுக்கும் என்ன வித்தியாசம்? கட்டைவிரல் என்பது ஒரு சின்னப் புள்ளி. பந்தின் நடுவில் கொஞ்சம் தப்பிப் பட்டாலும் எங்கேயோ பறந்துவிடும். புறங்கால் அகலமானது; பந்தில் படுகிற பரப்பு அதிகம். தவிர, நேராக ஓடி வருகிறவனுக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கிற பலம்தான் பிரதானம். சாய்வாக வருகிறவன் இடுப்பையே திருப்பி வீசலாம். கம்பை நீட்டிக் குத்துவதற்கும் கம்பைச் சுழற்றி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். பாதகமும் உண்டு. புறங்காலால் உதைத்த பந்து ஆரம்பத்தில் கொஞ்சம் தாழ்வாகக் கிளம்பும். எதிரே கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் தடுத்துவிடலாம். "இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு இது ஒன்று போதாதா?

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். இப்படி உதைத்த முதல் ஆள் பீட் இல்லை. போலந்தில் பிறந்த ஃப்ரெட் பெட்னார்ஸ்கி 1957-லேயே டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக அர்க்கன்ஸாவுக்கு எதிராகக் கோணலாக ஓடிவந்து ஒரு ஃபீல்டு கோல் போட்டிருக்கிறார். பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். முதலில் செய்கிறவன் வேறு, மற்றவர்களையும் செய்யவைக்கிறவன் வேறு.

பீட் போய்ச் சேர்ந்தது கார்னெல் பல்கலைக்கழகம். ஐவி லீக் என்று அமெரிக்காவில் மெத்தப் படித்தவர்களின் கல்லூரிகள் எட்டு இருக்கின்றனவே, அதில் ஒன்று. அந்த எட்டிலும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை என்று அன்றே விதி. ஆகவே 'உதைத்தான், சீட் கிடைத்தது, சௌக்கியமாக இருந்தான்' என்று கதையை முடிக்க முடியாது. அமெரிக்கா வந்து நாலைந்து வருஷமே ஆன பையன் அங்கே படிக்கவும் வேண்டும். முதல் வருஷ மாணவனைக் கல்லூரியின் பிரதான அணியில் சேர்க்கக்கூடாது என்று அப்போது ஒரு ஏற்பாடு இருந்ததால் பீட் உண்மையில் ஆடினது 1961, 62, 63 என்று மூன்றே சீசன்.

இங்கே இன்னொரு சமாசாரம். இப்போதெல்லாம் கிக்கர் என்றால் அவனுக்கு அது மட்டும்தான் வேலை. அன்று அப்படியில்லை. 1953-ல் கல்லூரி ஆட்டத்தில் நினைத்தபோதெல்லாம் ஆளை மாற்றக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து 1960-களின் நடுவில்தான் அடியோடு போயிற்று. அதுவரை உதைப்பதற்கென்று தனியாக ஒருத்தனை வைத்துக்கொள்வது கோச்சுக்கு ஊதாரித்தனம். சமையலும் தெரிந்து, பரிமாறவும் தெரிந்து, பாத்திரமும் கழுவத் தெரிந்தவன்தான் வேண்டும். பீடா மட்டும் மடிப்பேன் என்றால் எப்படி? அந்தக் காலத்தில் கார்னெல் கோச் டாம் ஹார்ப் இந்த ஹங்கேரிப் பையனை நம்பி உள்ளே அனுப்பினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிக் கோல்போஸ்ட்டை 1959-ல்தான் 23 அடி 4 அங்குலமாக அகலப்படுத்தியிருந்தார்கள். யாரும் ஃபீல்டு கோலே போடமாட்டேன் என்கிறார்களே என்ற கவலையில் செய்தது. வாசலை அகலமாக்கியாயிற்று, உள்ளே வரத்தான் ஆள் இல்லை. பீட் வந்தான்.

கொசுறுப் புள்ளி உதையில் தொடர்ச்சியாக 44 தடவை தப்பாமல் போட்டான். பெரிய கல்லூரிகள் அளவில் அன்றைக்கு அது சாதனை. 1963-ல் லீஹை பல்கலைக்கு எதிராக 50 கெஜத்திலிருந்து ஒரு ஃபீல்டு கோல்.

அந்த 50 கெஜத்தைவிட எனக்கு அந்த 44-தான் பெரிசாகத் தெரிகிறது. நான் பி.காம். பற்று-வரவு பார்த்து வளர்ந்த புத்தி. ஒரு கேஷியரை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கல்லாப்பெட்டிக் கணக்கு டாலி ஆனால் முதலாளி அவரை ஏறிட்டும் பார்க்க மாட்டார். இருநூறு நாள் டாலி ஆகியிருக்கும். ஒரு நாள் பத்து ரூபாய் இடித்தால், அன்றைக்குத்தான் முதலாளிக்குக் கேஷியரின் முழுப்பெயர் ஞாபகம் வரும். கொசுறுப் புள்ளி உதைப்பதும் அப்படித்தான். போட்டால் "அதுதானே உன் வேலை" என்பார்கள். விட்டால் ஊரே நினைவு வைத்திருக்கும். பத்தொன்பது, இருபது வயசுப் பையன், இங்கிலீஷில் கனவு காண ஆரம்பித்திருப்பானோ என்னவோ, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒன்றரை வினாடிக்குள் போய்விட்டு வருகிறான். 44 தடவை கணக்கு இடிக்கவில்லை. கோணலாக உதைக்கிறான் என்று சிரிக்கிறவர்கள் வாய்க்கு ஒரு தடவை போதும். அவன் அதைக் கொடுக்கவில்லை.

இதற்குள் தம்பி சார்லி வளர்ந்துவிட்டான். அண்ணன் காட்டிய வழியில் அவனும் கோணலாக உதைத்துக்கொண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்குப் போனான். அதுவும் ஐவி லீக். 1965-ல் ரட்கர்ஸ் கல்லூரிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு ஃபீல்டு கோல் போட்டான். எதிராளிகளுக்குக் கிலி பிடித்துவிட்டது. அந்த வருஷம் டார்ட்மத் கல்லூரிக்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள் பாருங்கள், படித்தவர்கள் படித்தவர்கள்தான்! சார்லி உதைக்கப்போகும்போது ஒருத்தன்மேல் ஒருத்தன் ஏறி நின்று மனிதக் கோபுரம் கட்டினார்கள். கிருஷ்ண ஜயந்திக்கு உறியடிக்கிற மாதிரி. உச்சியிலிருந்து பந்தைத் தட்டிவிடுவதாகத் திட்டம். அப்புறம் 'தோழர்கள்மேல் ஏறி நின்று உதையைத் தடுக்கக்கூடாது' என்று இதற்காகவே விதி எழுத வேண்டி வந்தது. ஒரு குடும்பத்தின் காலுக்குப் பயந்து சட்டப் புத்தகத்தைத் திருத்தினார்கள் என்றால், அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் வேறு என்ன வேண்டும்?

அண்ணன் கதைக்கு வருவோம். 1964-ல் பீட் டிகிரி முடித்தபோது அமெரிக்காவில் தொழில்முறை ஃபுட்பாலுக்கு இரண்டு கடைகள். பழைய கடை என்.எஃப்.எல்.; 1960-ல் எதிரிலேயே திறந்த புதுக்கடை ஏ.எஃப்.எல். இரண்டும் வருஷாவருஷம் கல்லூரிப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் போனவன் மகாராஜா. பழைய கடையில் கோகோலாக்கை யாரும் சீந்தவில்லை. புதுக்கடையில், பஃபலோ பில்ஸ் அணி 12-வது சுற்றில் கூப்பிட்டது. பன்னிரண்டாவது சுற்று என்றால் கிட்டத்தட்ட மார்க்கெட் மூடுகிற நேரத்தில் கூடையோடு அள்ளிப் போடுகிற தக்காளி.

இனிமேல் 'அவர்'. சம்பளம் வாங்க ஆரம்பித்தவரை அவன் இவன் என்பது மரியாதையில்லை.

பஃபலோவுக்காகக் களமிறங்கிய முதல் காட்சி ஆட்டத்திலேயே 57 கெஜத்திலிருந்து ஒன்று போட்டார் பீட். 1964-லும் 65-லும் பஃபலோ ஏ.எஃப்.எல். சாம்பியன். 65-ன் இறுதி ஆட்டத்தில் சான் டியாகோவை 23-0 என்று தோற்கடித்ததில் மூன்று ஃபீல்டு கோல் இவருடையது. அழுகின தக்காளி இல்லை என்று நிரூபணமாயிற்று.

இப்போது எதிர்க்கடையின் லெட்ஜரைப் புரட்டுவோம். நியூயார்க் ஜயண்ட்ஸ் என்று பெரிய பெயரெடுத்த அணி. 1965 சீசன் முழுக்க அவர்கள் ஃபீல்டு கோலுக்கு முயற்சி செய்தது 25 தடவை. உள்ளே போனது 4. இதில் பாப் டிம்பர்லேக் என்ற பையன், மிச்சிகன் பல்கலையில் குவார்ட்டர்பேக்காகக் கொடிகட்டிப் பறந்தவன், 15 தடவை உதைத்து ஒன்றே ஒன்று போட்டான். அந்தப் பையன் ராத்திரிகளில் எப்படித் தூங்கினானோ! கல்லூரியில் தோளில் தூக்கி ஆடினவர்களுக்குக்கூட அந்த 15-க்கு 1-தான் ஞாபகமிருக்கும். முதலாளி வெல்லிங்டன் மாராவும் அதே லெட்ஜரைத்தான் பார்த்திருப்பார். எதிர்க்கடையில் தப்பாமல் உதைக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறாரே!

ஆனால் இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு வாய்மொழி ஒப்பந்தம் உண்டு. கல்லூரியிலிருந்து வருகிற புதுப்பையன்களுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒருத்தர் கடையில் வேலை பார்க்கிறவரை இன்னொருத்தர் இழுக்கக்கூடாது. தொழிலாளி தரப்பிலிருந்து பார்த்தால் இது சுத்த அயோக்கியத்தனம் என்பேன். ஒரு முதலாளி உங்களை மதிக்காவிட்டால் இன்னொருவரிடம் போக வழியே இல்லை.

கோகோலாக் என்ன செய்தார் என்றால், ஒப்பந்தத்தைப் படித்தார். (எத்தனை பேர் படிக்கிறார்கள்? கையெழுத்து போடுகிற இடத்தைப் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினால் போதும் நமக்கு.) புதுசாகக் கையெழுத்து போடாமல் ஒரு வருஷம் ஆடி முடித்தால் அப்புறம் நீ சுதந்திரப் பறவை என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. 1965-ல் அப்படியே ஆடி முடித்துவிட்டு, 1966 மே மாதம் ஜயண்ட்ஸில் சேர்ந்துவிட்டார். கத்தி எடுக்கவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை.

வெடித்தது பாருங்கள் யுத்தம்! "எங்கள் ஆளைத் தூக்கினாயா? உன் ஆட்களைத் தூக்குகிறேன் பார்" என்று ஏ.எஃப்.எல். கமிஷனர் ஆல் டேவிஸ் என்.எஃப்.எல்.லின் நட்சத்திர குவார்ட்டர்பேக்குகளுக்கு வலை வீச ஆரம்பித்தார். சம்பளம் விஷம்போல் ஏறும் என்று இரண்டு பக்கத்து முதலாளிகளுக்கும் வயிறு கலங்கியது. இணைந்துவிடலாமா என்று ஏற்கெனவே ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவசர அவசரமாக முடித்து, 1966 ஜூன் 8-ம் தேதி இணைப்பை அறிவித்தார்கள். இரண்டு லீக்கின் சாம்பியன்களும் மோதுகிற முதல் ஆட்டம் 1967 ஜனவரியில் நடந்தது. சூப்பர் பவுல் என்று உலகமே பார்க்கிறதே, அதுதான். அது ஒரு கிக்கர் காலால் மட்டும் வந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் அவர் கால் நடுவில் பட்டது நிஜம்.

கோணல் உதையின் மதிப்பு எப்படி ஏறிற்று என்பதற்கு இன்னொரு கணக்கு. அண்ணனை 1964-ல் 12-வது சுற்றில் எடுத்தார்கள் என்றேனா? அதற்குச் சரியாக இரண்டே வருஷம் கழித்து, 1966-ல், தம்பி சார்லியை வாஷிங்டன் அணி முதல் சுற்றிலேயே, ஆறாவது ஆளாக எடுத்தது. அதே வீட்டுச் சாப்பாடு, அதே கோணல். நடுவில் அண்ணன் இரண்டு வருஷம் தப்பாமல் உதைத்திருந்தார்.

இதே சமயத்தில் தூரத்து மோன்டானா மாநிலத்தில் ஒரு தமாஷ். பனிச்சறுக்கில் உயரத்திலிருந்து குதிக்கிற போட்டிக்காக யான் ஸ்டெனெரூட் என்ற நார்வேப் பையன் 1962-ல் மோன்டானா ஸ்டேட் கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப்பில் வந்திருந்தான். காலுக்கு வலு ஏற ஸ்டேடியம் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவான். பழனி மலைக்கு வேண்டிக்கொண்டவன் மாதிரி தினமும் இதே வேலை. 1964-ல் ஒரு நாள் ஏறி இறங்கின களைப்பில் கீழே வந்து, சும்மா கிடந்த ஃபுட்பாலை, அவனுக்குத் தெரிந்த ஒரே முறையில், அதாவது கோணலாக, உதைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தவர் கூடைப்பந்து கோச் ரோஜர் க்ராஃப்ட். ஓடிப்போய் ஃபுட்பால் கோச் ஜிம் ஸ்வீனியிடம் சொன்னார். அடுத்த வருஷமே அந்தப் பையன் 59 கெஜத்திலிருந்து ஒரு ஃபீல்டு கோல் போட்டான். கல்லூரியோ தொழில்முறையோ, அன்றைக்கு அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் போட்டதாகக் கணக்கு இல்லை. 1991-ல் ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். உதைக்கிற வேலை மட்டுமே செய்து அங்கே போன முதல் ஆள். கூடைப்பந்து கோச் அன்றைக்கு வேறு வழியாக வீட்டுக்குப் போயிருந்தால்?

கட்டைவிரல்காரர்கள் உடனே மறைந்துவிடவில்லை. இருபது வருஷம் தாக்குப்பிடித்தார்கள். வாஷிங்டனின் மார்க் மோஸ்லி 1982-ல் என்.எஃப்.எல்.லின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார், அதுவும் நேராக ஓடிவந்து கட்டைவிரலால் குத்தி. 1986-ல் அவர் ஓய்வு பெற்றதோடு அந்த வம்சம் முடிந்தது. சதுர முனை பூட்ஸ் பண்ணினவர்கள் என்ன தொழிலுக்குப் போனார்களோ.

பீட் 1974 வரை ஜயண்ட்ஸில் இருந்தார். 646 புள்ளி. அந்த அணியில் அதுவரை அத்தனை புள்ளி யாரும் எடுத்ததில்லை. அதற்காக ஜயண்ட்ஸ் அவர் வந்ததும் வெற்றிமேல் வெற்றி குவித்தது என்று நினைத்துவிடாதீர்கள். யுத்தம் பண்ணிக் கூட்டிவந்தார்களே, அந்த 1966 சீசனில் 14 ஆட்டத்தில் 12 தோல்வி, ஒரு டிரா, ஒரே ஒரு வெற்றி. உதைக்கிறவர் உதைக்கத்தான் முடியும்.

அந்தத் தோல்விகளில் ஒன்றுதான் 1966 நவம்பர் 27-ல் வாஷிங்டனில் நடந்தது. அன்றைக்குத் தடுப்பது என்பதையே இரண்டு அணிகளும் மறந்துவிட்டன. டச்டவுன்மேல் டச்டவுனாக விழுந்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொசுறு உதைக்க ஆள் ஓடவேண்டும். ஜயண்ட்ஸுக்காக ஓடியவர் பீட். வாஷிங்டனுக்காக ஓடியவர் சார்லி. இருட்டில் எல்லையைத் தாண்டின அந்தப் பையன்கள் இரண்டு பேரும், பத்து வருஷம் கழித்து, ஒரே மைதானத்தின் இரண்டு ஓரங்களில். அண்ணன் ஐந்து கொசுறு போட்டார். தம்பி ஒன்பது போட்டார்.

கடைசியில் 7 வினாடி பாக்கி. வாஷிங்டன் 69, நியூயார்க் 41. முடிந்துபோன ஆட்டம், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாலே போதும். ஆனாலும் வாஷிங்டன்காரர்கள் விடவில்லை. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, சார்லியைக் கூப்பிட்டு, போய் இன்னொரு ஃபீல்டு கோல் போட்டுவிட்டு வா என்று அனுப்பினார்கள். 29 கெஜம்.

எதிர் வரிசையில் அண்ணன். தம்பி பின்னால் போய், பக்கவாட்டில் நகர்ந்து, சாய்வாக ஓடிவந்து உதைத்தான். பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போயிற்று. 72-41.